பன்றிக்குச் சோலார் மின்வேலி: பெட்டி பரவாயில்லை, கூட வரும் சாமான் காணாது

திருகோணமலையில் விவசாயச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் எடுத்துக் காட்டும் தொகுதி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: தண்ணீர் புகாத பிளாஸ்ரிக் பெட்டிக்குள் 1 யூல் மின்துடிப்புக் கருவி, 10 வாற் சோலார் தட்டு, 12 வோல்ற்று 7 அம்பியர் மணி பற்றரி, 500 மீற்றர் நைலோன் மின்கயிறு, ஐம்பது இன்சுலேற்றர், முழ நீளத்தை விடச் சற்றே கூடிய ஏர்த் கம்பி ஒன்று, கேட்டுக்குச் சுருள் கைபிடி, இரண்டு எச்சரிக்கைப் பலகை. அட்டையில் "5 ஏக்கர், 10 கிலோமீற்றர்" என்று எழுதியிருக்கும். ஒரே பெட்டி வெவ்வேறு ஸ்டிக்கரோடு வருவதால் வணிகப் பெயரைப் பார்த்து இங்கே புள்ளி போடவில்லை. சாமானைப் பார்த்துத்தான் போடுகிறோம். கருவிக்குப் பத்துக்கு ஏழு. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று. பன்றி உள்ளே வந்தது என்று குறை சொல்லப்படும் வேலிகளில் கருவி பழுதாகியிருப்பது அபூர்வம். ஏர்த், கம்பி, புல் என்ற மூன்றில் ஒன்றுதான் காலை வாரிவிட்டிருக்கும்.

முதலில் பன்றி. அமெரிக்காவில் இதே இனம் வந்தேறி. 1539இல் டி சோட்டோவின் கப்பல்களில் புளோரிடாவுக்குப் போன வீட்டுப் பன்றிகளும், பிறகு வேட்டைக்காகக் கொண்டுபோய் விட்டவையும் பெருகி, இன்று 60 இலட்சத்துக்கு மேல் என்று அந்த நாட்டு விவசாயத் திணைக்களம் கணக்குச் சொல்கிறது. 2014இலிருந்து அதற்கென்றே தேசியத் திட்டம் ஒன்று நடக்கிறது. அங்கே உயிரியலாளரின் வேலை, கமரா வைத்துக் கூட்டத்தை எண்ணி, பெரிய வட்டக் கூண்டுக்குள் தீனி போட்டுப் பழக்கி, கடைசிக் குட்டியும் உள்ளே வந்த பிறகே கதவை விழுத்துவது. பாதிக் கூட்டம் தப்பினால் மிச்சம் அதற்குப் பிறகு கூண்டுப் பக்கமே வராது. இலங்கையில் காட்டுப்பன்றி இந்த மண்ணுக்குரிய விலங்கு, சிறுத்தையின் இரைகளில் ஒன்று. ஆகவே இங்கே ஒழிக்கிற கதை இல்லை, வயலுக்குள் விடாமல் வைத்திருப்பதுதான் வேலை. பெண் பன்றி நாலு மாதத்துக்குச் சற்றுக் குறைந்த சினைக்காலத்தில் நாலு முதல் ஆறு குட்டி வரை போடும். இரண்டைச் சுட்டுவிட்டதால் அடுத்த போகத்துக்கு ஆறுதல் கிடைக்காது. வேலிக்குச் செலவழிக்கும் காசு நியாயமான காசு என்று நாம் சொல்வதற்குக் காரணம் அதுதான்.

கருவிக்கு வருவோம். 1 யூல் என்பது பெரும்பாலும் உள்ளே சேமிக்கப்படும் சக்தி. வேலிக்கு வெளியே வருவது அதைவிடக் குறைவு, மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். கையேட்டில் இரண்டையும் தனித்தனியாகப் போட்டிருந்தால் அது நேர்மையான கையேடு. ஏறக்குறைய ஒன்றேகால் விநாடிக்கு ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்பும் விநாடியின் மிகச் சிறு பங்கு நேரமே நிற்கும், அதனால்தான் சுடும், கொல்லாது. ஐ.இ.சி. 60335-2-76 என்ற இலக்கம் கருவியிலோ கையேட்டிலோ இருக்கிறதா என்று பாருங்கள். மின்வேலிக் கருவிக்கான சர்வதேசத் தரம் அது. 500 ஓம் சுமையில் ஒரு துடிப்புக்கு 5 யூலுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு கட்டுகிறது. அந்த இலக்கம் இல்லாத கருவியை, பிள்ளைகள் நடமாடும் வளவில் மாட்டவே வேண்டாம்.

வெறும் கம்பியில் 8,000 வோல்ற்று காட்டும் கருவி, புல் முட்டிய கம்பியில் 2,500க்கு இறங்கிவிடும். பன்றிக்கு வேண்டியது வேலியின் கடைசி மூலையில் 4,000க்குக் குறையாமல். 3,000க்குக் கீழே போனால் மயிரும் சேறும் பூசிய தோலுக்கு அது கடி எறும்பு மாதிரி. ஆகவே தொகுதியோடு வராத ஒரு சாமானை முதலில் வாங்குங்கள்: மின்வேலி டெஸ்டர், இலக்கம் காட்டும் வகை. வீட்டு மல்ரிமீற்றரை இதில் வைத்தால் மீற்றர்தான் போகும்.

இனி "5 ஏக்கர்" கதை. ஒரு ஏக்கர் 4,047 சதுர மீற்றர். சரிசதுரமாக இருந்தால் சுற்றளவு சுமார் 254 மீற்றர். பன்றிக்கு மூன்று கம்பி வேண்டும், 762 மீற்றர். கூட வரும் 500 மீற்றர் கயிறு ஒரு ஏக்கருக்கு இரண்டு சுற்றுக்கே சற்றுக் காணாது. ஐந்து ஏக்கர் சரிசதுரத்துக்கு மூன்று சுற்று என்றால் 1,700 மீற்றர். அதிலும் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து வயல் எங்கே சரிசதுரமாக இருக்கிறது? 50 மீற்றர் அகலம், 200 மீற்றர் நீளம் என்று வாய்க்காலோடு ஓடும் துண்டு இரண்டரை ஏக்கர்தான், ஆனால் சுற்றளவு 500 மீற்றர், மூன்று சுற்றுக்கு 1,500. கட்டை ஐந்து மீற்றருக்கு ஒன்று என்று நட்டால் நூறு கட்டை, முன்னூறு இன்சுலேற்றர். பெட்டிக்குள் ஐம்பது. இதைக் கடையில் கேட்டால் "மிச்சம் தனியா வாங்கலாம் அண்ணே" என்பார்கள். வாங்கலாம்தான், ஆனால் அதையும் கூட்டித்தான் தொகுதியின் உண்மையான விலை.

கயிறும் கம்பியும் ஒன்றல்ல. நைலோனுக்குள் மயிரிழை போல மூன்று நாலு துருப்பிடிக்காத இழை ஓடும் மலிவான கயிற்றில் ஒரு மீற்றருக்குப் பல ஓம் தடை. 2.5 மில்லிமீற்றர் ஜி.ஐ. கம்பியில், அதாவது நாகம் பூசிய இரும்புக் கம்பியில், அது 0.05 ஓமுக்கும் கீழே. 500 மீற்றர் ஓடிய பிறகு முதலாவதில் ஆயிரக்கணக்கான ஓம், இரண்டாவதில் இருபத்தைந்தைத் தாண்டாது. கயிறு பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும், கையால் சுற்றி எடுக்கலாம், அறுவடை முடிந்ததும் கழற்றிவிடலாம். ஒரு ஏக்கருக்குக் குறைந்த மரவள்ளி, சோளன், கச்சான் தோட்டத்துக்கு அது போதும். வயலுக்கு ஜி.ஐ. கம்பிதான். நடுவழி ஒன்றும் உண்டு: மூன்றும் ஜி.ஐ., மூக்குயரக் கம்பியோடு மட்டும் வெள்ளைக் கயிற்றைச் சேர்த்து ஓடவிட்டு, ஐம்பது மீற்றருக்கு ஒருதரம் இரண்டையும் கிளிப்பால் இணைப்பது. முடிச்சுப் போட்டு இணைக்காதீர்கள். முடிச்சுக்குள் பொறி பறந்து இழை எரியும், டிக் டிக் என்று இரவில் கேட்கும் சத்தம் அதுதான். செம்புக் கம்பியை ஜி.ஐ.யோடு முறுக்கினால் குச்சவெளி, நிலாவெளி உப்புக் காற்றில் ஒரு போகத்துக்குள் அந்த இடம் பச்சை பூத்துத் தின்றுவிடும்.

உயரம்: நிலத்திலிருந்து 20, 45, 70 சென்ரிமீற்றர். கையேட்டுப் படம் மாட்டுக்கு வரைந்தது, முதற் கம்பியை முழங்கால் உயரத்தில் காட்டும், பன்றி அதற்குக் கீழே தலை நிமிராமலே போகும். பன்றியின் பார்வை மோசம், மூக்குத்தான் கண். ஈர மூக்கு முதலில் முட்டினால் பின்வாங்கும். காதுக்குப் பின்னால், முதுகில் அடிபட்டால் முன்னால்தான் பாயும், வேலியையும் இழுத்துக்கொண்டு. உங்கள் பக்கத்துப் பன்றிக்கு எது சரி என்று அறியச் செலவில்லாத அளவுகோல் ஒன்று இருக்கிறது. சேற்றுக் குழியில் புரண்டு வந்த பன்றி அருகிலுள்ள பனையிலோ வேம்பிலோ உரசும். அந்தச் சேற்றுத் தடத்தின் மேல் விளிம்பு ஏறக்குறைய பெரிய பன்றியின் தோள். பல உயரங்களில் தடம் இருந்தால் குட்டிகளோடு வரும் கூட்டம், ஒரே உயரமான தடம் என்றால் தனியன். குட்டிகள் வரும் இடத்தில் அடிக் கம்பி 20ஐ விட உயர்ந்தால் குட்டி உள்ளே, தாய் வெளியே. பிறகு குட்டியின் சத்தத்துக்குத் தாய் எதையும் முறித்துக்கொண்டு வரும். நிலம் குழிவிழுந்த இடங்களில் கட்டையை இரண்டு மீற்றருக்கு ஒன்றாக நெருக்கி, கம்பியை நிலத்தோடு இறக்குங்கள்.

ஏர்த். தொகுதியின் ஆகப் பெரிய பிழை இதில்தான். துடிப்பு கம்பியிலிருந்து பன்றிக்குள் போய், காலால் நிலத்தில் இறங்கி, நிலம் வழியாக ஏர்த் கம்பிக்குத் திரும்பினால்தான் சுற்று முழுமையாகும். அறுபது சென்ரிமீற்றர் கம்பி ஒன்றை வைத்துக்கொண்டு அந்தத் திரும்பு வழி கிடைக்காது. வேண்டியது இரண்டு மீற்றர் ஜி.ஐ. கம்பி அல்லது குழாய் மூன்று, ஒன்றுக்கொன்று மூன்று மீற்றர் இடைவெளியில், மூன்றையும் ஒரே ஜி.ஐ. கம்பியால் கிளாம்ப் போட்டு இணைத்தது. வாய்க்கால் ஓரம், கிணற்றடி, வயலின் தாழ்ந்த மூலை என்று ஈரம் நிற்கும் இடமாகப் பாருங்கள். வீட்டு மின்சாரத்தின் ஏர்த்திலிருந்து பத்து மீற்றராவது தள்ளி.

சோதிக்கும் முறை இது. கருவியிலிருந்து நூறு மீற்றர் தள்ளிப் போய், கருவியை நிறுத்திவிட்டு, இரும்புக் கம்பிகளை நிலத்தில் குத்தி வேலியில் சாய்த்துவிடுங்கள். கருவியைப் போட்டு வேலியின் வோல்ற்றளவைப் பாருங்கள். 2,000க்குக் கீழே இறங்கும்வரை கம்பிகளைக் கூட்டுங்கள். இப்போது டெஸ்டரின் ஒரு முனையைக் கடைசி ஏர்த் கம்பியிலும் மறு முனையை ஒரு மீற்றர் தள்ளி நிலத்திலும் வையுங்கள். 300 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் ஏர்த் காணாது, இன்னொரு கம்பி இறக்குங்கள். பெரும்போகத்தில், மார்கழி ஈரத்தில் தேறும் ஏர்த், சிறுபோகத்தில் ஆடி ஆவணிக் காய்ச்சலில் தோற்கும். ஆகவே சோதனையை வரட்சியில் செய்ய வேண்டும். சிலர் ஏர்த் குழிக்குள் உப்புப் போடுகிறார்கள். அன்றைக்கு இலக்கம் நன்றாகக் காட்டும், கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். வாளித் தண்ணீர் ஊற்றுவது மேல். கரையோர மணலில், குச்சவெளியிலோ வெருகல் பக்கத்திலோ, தண்ணீரும் நிற்காது. அங்கே நடுக் கம்பியைக் கருவியின் ஏர்த் முனையோடு இணைத்துவிடுங்கள். அடிக் கம்பியையும் நடுக் கம்பியையும் சேர்த்து முட்டும் பன்றிக்கு நிலத்தின் உதவி இல்லாமலே அடி விழும்.

பற்றரிக் கணக்கு. இந்த அளவுக் கருவி சராசரியாக 0.15 அம்பியர் இழுத்தால் பன்னிரண்டு மணி நேர இரவுக்கு 1.8 அம்பியர் மணி. 7 அம்பியர் மணி ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும், ஆக நம் கையில் இருப்பது 3.5. வெயில் நாளில் 10 வாற் தட்டு, ஐந்து மணி நேர நல்ல வெயிலுக்கு, இழப்புப் போக 3 அம்பியர் மணி வரை திருப்பிப் போடும், பிரச்சினை இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றில் கார்த்திகை மார்கழியில் வானம் மூடினால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஏறும். ஒரு நாளைக்கு 1.2 குறைவு. மூன்றாம் இரவு பற்றரி பாதிக்குக் கீழே, ஐந்தாறு நாள் மூட்டம் என்றால் கருவியே நின்றுவிடும். விதைத்த நெல்லையும் வரம்பு மண்புழுவையும் தேடிப் பன்றி கிளறும் காலமும் அதுதான். 26 முதல் 40 அம்பியர் மணிப் பற்றரியும், 30 அல்லது 40 வாற் தட்டும் வெளியே தனியாகப் போடுங்கள், நடுவில் சார்ஜ் கொன்ரோலரோடு. பெட்டிக்குள் இதற்கான முனை இருக்கிறது, அதற்காகவே ஒரு புள்ளி கூட்டினோம். தட்டு தெற்குப் பார்த்து, பத்துப் பதினைந்து பாகை சரிவு. அதைவிடத் தட்டையாக வைத்தால் தூசும் காக்கை எச்சமும் மழையில் கழுவுப்படாது.

கருவியிலிருந்து வேலிக்குப் போகும் வயரில் பலர் தவறுகிறார்கள். வீட்டு வயரிங் கம்பியின் உறை சில நூறு வோல்ற்றுக்குச் செய்தது, 8,000க்கு அல்ல. கேட்டுக்கு அடியில் அதைப் புதைத்தால் மண்ணுக்குள்ளேயே ஒழுகும். மின்வேலிக்கென்று வரும் இரட்டை உறைக் கேபிள் வேண்டும். பெட்டிக்குள் அதுவும் இல்லை. இன்சுலேற்றருக்குப் பதில் ஹோஸ் பைப் துண்டு வெட்டிப் போடுவதும் அப்படித்தான்: கோடையில் வேலை செய்யும், மழையில் மேற்பரப்பு நனைந்ததும் கட்டை வழியாக இறங்கும். கூட வரும் கறுப்பு இன்சுலேற்றர் திருப்தி. வெள்ளை வந்தால் வாங்காதீர்கள், வெயிலில் வெடிக்கும். கருவிக்குள் எறும்பும் பல்லியும் குடியேறுவது வழக்கம். வயர் நுழையும் துவாரத்தைச் சிலிக்கோனால் அடையுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடியோடு பெய்யும் பின்னேர மழைக்கு இடிதாங்கி ஒன்று வேலி தொடங்கும் இடத்தில், தனி ஏர்த்தோடு. அது இல்லாமல் கருவிக்கு உத்தரவாதம் கேட்டுப் போனால் கடைக்காரர் கருவியைத் திறந்து சுற்றுப்பலகையில் கரியைக் காட்டுவார்.

நெல் வயலுக்கென்று ஒரு மாற்றம். அடிக் கம்பியை மற்ற இரண்டிலிருந்தும் பிரித்து, தனிச் சுவிச் வைத்து இணையுங்கள். கந்தளாய்க் குளத்துத் தண்ணீரோ மாவிலாற்றுத் தண்ணீரோ திறந்து வரம்பு மூழ்கும் நாட்களில் அடிக் கம்பி தண்ணீரில் தொட்டால் முழு வேலியும் செத்துவிடும். சுவிச்சைத் திருப்பினால் மேல் கம்பி இரண்டுமாவது உயிரோடு இருக்கும். வாய்க்கால் வேலியைக் கடக்கும் இடம்தான் பன்றியின் வாசல். அங்கே கம்பியை இழுத்துப் பிடிக்க முயலாமல், குறுக்கே தடித்த கழிகளை நெருக்கி அடித்துவிடுவது மலிவு.

புல்லைப் பற்றி எந்த அட்டையிலும் எழுதியிருக்காது. வேலியடியில் இரு பக்கமும் அரை மீற்றர் துப்புரவாக, மாரியில் பத்து நாளைக்கு ஒருதரம். ஐந்நூறு மீற்றருக்கு ஓர் ஆள் அரை நாள் வேலை. அதற்கு ஆள் இல்லையென்றால் இந்தத் தொகுதியை வாங்காமல் விடுவதே இலாபம்.

போடும் நேரமும் முக்கியம். வேளாண்மை குடலைப் பருவத்துக்கு, அதாவது கதிர் தண்டுக்குள் பொதியும் பருவத்துக்கு, வர முன்னரே வேலியில் மின் ஓட வேண்டும். பால் பிடித்த கதிரின் ருசி கண்ட பிறகு போட்ட வேலியைப் பன்றி விலை கொடுத்துத் தாண்டும். முதல் வாரம் இரவும் பகலும் நிறுத்தாமல் விடுங்கள். வழக்கமான பன்றிப் பாதை வேலியைச் சந்திக்கும் இடங்களில் அலுமினியத் தாள் துண்டை அடிக் கம்பியில் மடித்து, கச்சான் அரைத்த விழுதைச் சிறிது பூசினால் மூக்கால் வந்து முட்டும், பாடம் முடிந்தது. மூன்று நாலு இரவுக்கு மேல் பூச வேண்டாம். யானை வரும் பகுதியில் பூசவே வேண்டாம். வேலி ஒரு இரவு செத்துக் கிடந்தாலும் பன்றி கண்டுபிடித்துவிடும். கருவியை மாலையில் போட்டதும் கடைசி மூலையில் டெஸ்டர் வைத்துப் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

எதை நிறுத்தாது? யானையை நிறுத்தாது. சேருவில, கந்தளாய், மொறவெவ பக்கத்தில் யானைக்காகவும் சேர்த்து என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். தந்தத்தாலும் பாதத்தாலும் கட்டையைச் சாய்த்துவிட்டு வரும் மிருகத்துக்கு 70 சென்ரிமீற்றர் வேலி படிக்கட்டு. முள்ளம்பன்றியையும் நம்பகமாக நிறுத்தாது, முள் மின்சாரத்தைத் தடுக்கும். மரவள்ளிக் கிழங்கு மண்ணோடு புரட்டிக் கிடந்தால் காட்டுப்பன்றி, உளியால் செதுக்கியது போல் கொறித்திருந்தால் முள்ளம்பன்றி. பார்க்காமல் வேலி வாங்காதீர்கள். ஒரு தீமையும் உண்டு. அடிக் கம்பியில் முட்டும் அழுங்கு சுருண்டுவிடும், ஆமை ஓட்டுக்குள் ஒடுங்கிவிடும், இரண்டும் விலகாமல் துடிப்புக்கு மேல் துடிப்பு வாங்கிச் சாகும். 20 சென்ரிமீற்றர் என்று சொல்லி 15ஐத் தவிர்த்ததற்கு அதுவும் ஒரு காரணம். காலையில் ஒருதரம் சுற்றி வாருங்கள்.

அந்தச் சுற்றில் செத்த பன்றி கண்ணில் பட்டால் வேலிதான் கொன்றது என்று எண்ணி இறைச்சிக்கு எடுக்க வேண்டாம். இந்தத் துடிப்பு பன்றியைக் கொல்வதில்லை. 2024இல் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இலங்கைக்கு வந்துவிட்டது. அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் இறைச்சி, சப்பாத்து, கத்தி வழியாக வளர்ப்புப் பன்றிப் பட்டிகளை அழிக்கும். தொடாமல் பிரதேச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கருவி பழுதானால் 230 வோல்ற்று வீட்டு லைனை நேரே கம்பியில் கொழுவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது வேலி அல்ல, கொலைப் பொறி. சட்டவிரோதம், தண்ணீர் பாய்ச்ச இருட்டில் வருபவர் உயிரும் யானை உயிரும் அதில் போகிறது. பன்றிக்கு என்று இரைக்குள் மறைத்து வைக்கும் ஹக்கபட்டாஸ் வெடி யானைக் குட்டியின் வாயில் வெடிக்கிறது, பன்றிக் கண்ணியில் சிறுத்தை மாட்டுகிறது. இவற்றோடு ஒப்பிட்டால், மேலே சொன்ன எல்லாக் குறையோடும், இந்தப் பெட்டி எவ்வளவோ மேல். முள்ளுக்கம்பியில் மட்டும் இந்தக் கருவியைக் கொழுவாதீர்கள், சிக்கியவர் விடுபட முடியாது. எச்சரிக்கைப் பலகை தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். பெட்டியில் வருவது ஆங்கிலத்தில் மட்டும்.

யாருக்குப் பொருந்தும்: அரை ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் வரை தோட்டம், கூடுதலாக ஏர்த் கம்பி, டெஸ்டர், நல்ல கேபிள், பெரிய பற்றரி வாங்கத் தயாராக இருப்பவர். இரண்டு ஏக்கருக்கு மேற்பட்ட வயலுக்கு 3 யூல் கருவியைத் தனியாக வாங்கி, ஜி.ஐ. கம்பியைச் சுருளாக எடுத்துக்கொள்வது சரி. பக்கத்து வயல்காரர் மூன்று நாலு பேர் சேர்ந்து வெளிச்சுற்றுக்கு ஒரே வேலி போட்டால் தலைக்கு வரும் நீளம் பாதியாகும். ஆனால் ஒரே வேலியில் இரண்டு கருவியை ஒருபோதும் இணைக்கக்கூடாது, புல் வெட்டுவது யார் என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்.

கடையில் நிற்கும்போது மூன்றைக் கேளுங்கள்: வெளியே வரும் யூல் எவ்வளவு, சுற்றுப்பலகை எரிந்தால் இங்கேயே மாற்றுவீர்களா அல்லது கொழும்புக்கு அனுப்புவீர்களா, அனுப்பினால் அத்தனை நாளும் மாற்றுக் கருவி தருவீர்களா. பால் பருவத்தில் பத்து நாள் கருவி இல்லையென்றால் உத்தரவாத அட்டையைப் பரணில் கட்டிவிட்டுக் காவல் இருக்க வேண்டியதுதான்.